கேபினை நீட்டிக் கெடுத்த பட்டறைக்காரர் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்து நடத்துகிறேன். என் 2008 மாடல் டாடா 207 வண்டியின் கேபினைப் பின்பக்கமாக இரண்டரை அடி நீட்டி, சமையல் ஆட்கள் 4 பேர் உட்கார சீட் போட்டுத் தரும்படி புதுச்சேரியில் ஒரு பட்டறையில் 1,85,000 ரூபாய் கொடுத்தேன். அண்ணன் தம்பி போலப் பழகியவர், எட்டு மாதம் இழுத்தடித்தார். இப்போது கதவு ஒட்டவில்லை, மழையில் சீட் நனைகிறது, வெல்டிங் விட்டுவிட்டது. கேட்கப்போனால் ஆட்களை வைத்துக்கொண்டு அசிங்கமாகப் பேசுகிறார். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் அவர் பேசிய பேச்சு. அது வழக்குக்கு உதவாது. எனக்கு வேண்டிய வரி கடைசியில்தான் இருக்கிறது: “ஆர்.டி.ஓ. ஆபீசில் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அதெல்லாம் பார்த்துக்கலாம் என்றார்.”

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் (பதிவுச் சான்றுக்கும்) மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4)இன்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யாருக்கு? உரிமையாளருக்கு. அதாவது உங்களுக்கு.

இந்த நிலையில் நுகர்வோர் புகார் கொடுத்தால் அதன் முதல் பத்தியே உங்கள் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். வணிக நோக்கத்துக்கான வண்டி என்று எதிர்த்தரப்பு சொன்னால், பிழைப்புக்கான சுயதொழில் என்று வாதாடிப் பார்க்கலாம். சட்டத்துக்குப் புறம்பான வேலைக்கான ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டம் 23ஆம் பிரிவின்படி செல்லாது என்று சொன்னால்? “பின்னாடி நாலு பேர் உட்காரணும்ணே” என்று நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அவர் எடுத்து நீட்டுவார்.

இது பண நஷ்டம், போகட்டும். என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. கம்பி வைத்துக் கட்டி, முகூர்த்த நாளில் ஆட்களை அதே சீட்டில் ஏற்றிப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

“லோடு மேல் உட்கார்ந்தால்தான் இன்சூரன்ஸ் இல்லை, கேபினுக்குள் உட்கார்ந்தால் உண்டு” என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. சரக்கின் சொந்தக்காரருக்கும் அவர் அனுப்பும் ஆளுக்கும் 1994 திருத்தத்துக்குப் பிறகு காப்பீடு உண்டு. சரக்கு வண்டியில் போகும் வேலையாட்களுக்கும் தொழிலாளர் இழப்பீட்டு அளவுக்கு உண்டு. ஆனால் உங்கள் ஆர்.சி.யில் ஓட்டுநரையும் சேர்த்து 3 இருக்கை. நாலாவது ஆள் முதல் இன்சூரன்ஸ் நிறுவனம் எண்ண ஆரம்பிக்கும்.

பண்ருட்டிப் பக்கம் பலாப்பழ லோடு அடித்த, நான் வழக்கு நடத்திய கட்சிக்காரர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. கேபினுக்குப் பின்னால் பலகை அடித்து, தார்ப்பாய்க்குப் பதில் தகடு போட்டிருந்தார். வண்டி கவிழ்ந்து பின்னால் இருந்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். யார் மேல் தப்பு, சாலை எப்படி என்று நான் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் வீண். நிறுவனத்தின் வக்கீல் ஆர்.சி. நகலைச் சான்றாகக் குறியீடு செய்து, “இதில் எத்தனை இருக்கை?” என்று ஒரே கேள்வி கேட்டு உட்கார்ந்துவிட்டார். தொகையை முதலில் நிறுவனம் கட்டி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அப்போது அவருக்கு நிம்மதி. வசூல் என்றால் என்ன என்பது வீட்டுக்கு ஜப்தி நோட்டீஸ் வந்தபோதுதான் புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 174ஆம் பிரிவில் கலெக்டர் மூலம் நில வருவாய் பாக்கி போலவும் வசூலிக்க வழியிருக்கிறது. அவர் 3 சென்ட் மனையை விற்றுத்தான் கட்டினார். நீங்கள் ஏற்றிப் போவது ஒரு வேளைக்கு நாலு பேர்.

ஆகவே வண்டியை இன்றே நிறுத்துங்கள். சமையல் ஆட்களுக்கு ஆட்டோவோ பஸ்ஸோ பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரரோடு சமாதானமாகப் போய்விடுங்கள். பணம் முழுதும் திரும்ப வராது. வண்டியைக் கம்பெனி அளவுக்கே திருப்பிக் கட்டித் தரும் கூலியை அவர் ஏற்கட்டும். அறுத்த பின்பக்கத் தகடு பட்டறையில் கிடக்கிறதா, காயலான் கடைக்குப் போய்விட்டதா என்று முதலில் கேளுங்கள். போயிருந்தால் சென்னை புதுப்பேட்டையில் பழைய கேபின் தேடலாம், அந்தச் செலவில் பாதி உங்களுடையது. அவருக்கும் ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க ஆசை இருக்காது, எனவே ஒத்துக்கொள்வார். வாய்ப்பேச்சாக விடாமல் தேதி, வேலை, தொகை மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இந்த நிலையிலேயே யாருக்காவது தள்ளிவிடும் யோசனை மட்டும் வேண்டாம். ஆர்.சி. பெயர் மாறும்வரை விபத்து உங்கள் கணக்கில்தான்.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று). உங்களுக்கு அடுத்த எஃப்.சி. ஏழு வாரத்தில் வருகிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் டேப் வைப்பதற்குள் அந்த இரண்டரை அடி இறங்கியிருக்க வேண்டும்.