கேள்வி–பதில்: ஆடிக் காற்றில் நகரும் டிஷ், டிடிஎச்சில் வராத உள்ளூர் சேனல்

பணகுடியில் எங்கள் மொட்டைமாடியில் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஆடிக் காற்று தொடங்கினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. ஆள் வந்து திருப்பி வைத்தாலும் மறுபடி அதேதான். செட்டாப் பெட்டியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பணகுடி

பெட்டிக்குச் செலவழிக்காதீர்கள். திருப்பி வைத்ததும் படம் வருகிறதென்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, நகர்வது டிஷ்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பித்தானே உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகளே நிற்கின்றன! 60 செ.மீ. டிஷ்ஷின் விளிம்பு 1 செ.மீ. நகர்ந்தால் கோணம் சுமார் 2 டிகிரி மாறும். 2 டிகிரி தவறினால் படம் போய்விடும்.

முதலில் டிஷ்ஷைத் தாங்கும் குழாயைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் செருகி, திருகாணி முடுக்கியிருந்தால் ஒரு காற்றுக் காலத்திலேயே துளை அகன்றுவிடும். கான்கிரீட்டில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு போட்டு இறுக்குங்கள். செங்கல் சுவர் வேண்டாம். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். அது சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் அச்சிட்ட கோண அளவு எதுவும் பொருந்தாது.

ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. நம் பகுதிக்கு அது நேர்கிழக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 28 டிகிரி தள்ளி, அடிவானத்திலிருந்து 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. வீட்டு டிஷ் ஆஃப்செட் வகை, அதாவது முகம் பார்க்கும் திசைக்கு மேலே இருந்து சிக்னலை வாங்குவது என்பதால், அதன் முகம் அவ்வளவு அண்ணாந்து நிற்காது. பார்வைக்கு 45 டிகிரிதான் தெரியும். அது சரியே.

பலர் விட்டுவிடுவது எல்என்பி-யின் (டிஷ்ஷின் முன் கை நுனியில் சிக்னலை வாங்கும் கருவி) திருகலை. பூமத்தியரேகையை நெருங்க நெருங்க இது கூடும். கணக்குப்படி டெல்லியில் சுமார் 27 டிகிரி, நெல்லையில் 60. வடக்கே சொல்லும் அளவை இங்கே வைத்தால் வெயிலில் படம் வரும், லேசாகத் தூறினால் போய்விடும். பெட்டித் திரையில் 'குவாலிட்டி' பட்டையைப் பார்த்துக்கொண்டே இம்மி இம்மியாகத் திருகுங்கள். 'ஸ்ட்ரெங்த்' பட்டையை நம்ப வேண்டாம். வெறும் வானத்தைப் பார்த்தாலும் அது ஏறி நிற்கும்.

கேபிள் முனையில் உள்ள கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். செம்புக் கம்பி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த இடத்தை வெட்டி, புது எஃப் கனெக்டர் போடுங்கள். கேபிளுக்குள் சுற்றியிருக்கும் பின்னல் வலையின் ஒரு இழைகூட நடுக் கம்பியில் படக்கூடாது.

பாளையங்கோட்டையில் கேபிளை விட்டு டிடிஎச்சுக்கு மாறினோம். உள்ளூர் சேனல் வரவில்லை. பெரிய சேனல்களாவது நெல்லைக்கென்று தனி ஒளிபரப்பு தரக்கூடாதா?
– வாசகி, பாளையங்கோட்டை

அமெரிக்காவில் ஒரே நெட்வொர்க்குக்கு நகரம்தோறும் இணைப்பு நிலையம் உண்டு. உள்ளூர்ச் செய்தியை அது தானே தயாரித்துத் தரும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. நெல்லைச் செய்தியாளர் அனுப்பும் படம் தலைமை நிலையம் போய், எல்லா ஊருக்கும் ஒரே ஒளிபரப்பாகத் திரும்புகிறது. உங்கள் ஊர்ச் சேனலோ கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமில் சேர்க்கப்படுவது, டிடிஎச்சில் எட்டாது. 2022 நவம்பரில் மத்திய அரசு தந்த நெறிமுறைப்படி, ஒரு கேபிள் நிறுவனத்தின் சொந்தச் சேனலை இன்னொரு நிறுவனம் காட்டவும் முடியாது. தேர்த் திருவிழாவும் தெருச் செய்தியும் வேண்டுமென்றால் ஒரு கேபிள் இணைப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாற்று இல்லை. அதை நான்கு அறைக்குப் பிரிக்காதீர்கள். நான்கு வழி ஸ்பிளிட்டர் சிக்னலில் 7 முதல் 8 டெசிபல் வரை விழுங்கிவிடும். சில சேனல் மட்டும் உடையும்.

இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்த காலத்து ஆன்டெனா மாடியில் நிற்கிறது. இனி பயன்படுமா?
– வாசகர், திசையன்விளை

தூர்தர்ஷன் பார்க்கப் பயன்படாது. அதன் பழைய அனலாக் தரைவழி ஒளிபரப்பு, ஒருசில இடங்கள் தவிர, நாடெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய பொதிகையை ஃப்ரீ டிஷ்ஷில் பார்க்கலாம். அத்தனை உயரக் குழாய் இடி மின்னல் நேரத்தில் ஆபத்து. மின்கம்பி அருகில் இல்லாதபடி பார்த்து இருவராக இறக்குங்கள். துரு ஏறாத பகுதியை ஒரு மீட்டருக்கு அறுத்து வைத்தால் டிஷ் நிறுத்த உதவும்.