ஷட்டில் ஆடியபோது கிழிந்த மூட்டு ஜவ்வு

கேள்வி: எனக்கு வயது 34. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் ஷட்டில் ஆடுவேன். இரண்டு மாதங்களுக்கு முன், பின்னால் ஓடிப் பந்தை அடித்துவிட்டுக் காலை ஊன்றித் திரும்பியபோது முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டது. இரவுக்குள் மூட்டு வீங்கிவிட்டது. ஏ.சி.எல். என்னும் மூட்டு ஜவ்வு முழுமையாகக் கிழிந்துவிட்டதாக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சொல்கிறது. இப்போது வீக்கம் வற்றி நன்றாகவே நடக்கிறேன். பேருந்திலிருந்து இறங்கும்போது ஒருமுறை மட்டும் மூட்டு வழுக்கி மடங்கியது. அறுவை சிகிச்சை அவசியமா? கட்டுப் போட்டாலே ஒட்டிவிடும் என்கிறார்களே?

– வாசகர் ஒருவர், கோவை

பதில்: நன்றாக நடப்பதை வைத்து மூட்டு தேறிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். கீழ்க்கால் எலும்பு, தொடை எலும்புக்கு அடியில் முன்னோக்கி நழுவாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பதே ஏ.சி.எல். என்னும் தசைநாரின் வேலை. நேராக நடக்கும்போது அதற்கு அதிக வேலை இல்லை. குதித்து இறங்கும்போதும், ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தித் திரும்பும்போதும்தான் அது தேவைப்படுகிறது. யாரும் மோதாமலே அது பெரும்பாலோருக்குக் கிழிவதும் இதனால்தான்.

மூட்டுக்குள் கிழிந்த தசைநாரை வெளியே போடும் கட்டு இழுத்து இணைக்காது. சிலருக்கு அது தானாக ஓரளவு கூடுவதுண்டு என்றாலும், அதை நம்பி மாதக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்திருந்தால் தொடைத் தசை சூம்பிப்போகும்.

அறுவை சிகிச்சையைப் பொறுத்தவரை, சுவீடனில் 18 முதல் 35 வயது வரையிலான 121 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வு உங்களுக்குப் பொருந்தும். உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் அறுவைக்குச் சென்றவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலியிலோ செயல்திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் இரண்டாம் பிரிவின் 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே சுமார் மூன்று மாதம் இயன்முறை மருத்துவரிடம் முறையாகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுப்பதே என் பரிந்துரை. அதன் பிறகும் பேருந்தில் நேர்ந்ததுபோல் மூட்டு மடங்கினால், அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு மடங்கலும் உள்ளிருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பைக் கிழிக்கக்கூடும். நம் பேச்சுவழக்கில் இதுவும் 'ஜவ்வு'தான் என்பதால், கிழிந்திருப்பது எந்த ஜவ்வு என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள். மெனிஸ்கஸும் கிழிந்து, காலை நீட்ட முடியாமல் மூட்டு பூட்டிக்கொண்டால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது.

அறுவை செய்துகொண்டாலும் ஆட்டத்துக்கு விரைவில் திரும்ப முடியாது. கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உங்கள் உடலிலிருந்தே எடுத்துப் பொருத்தும் தசைநாண் (தசையை எலும்போடு இணைப்பது) உறுதிப்பட மாதங்கள் ஆகும். ஒன்பது மாதம் நிறைவதோடு, அந்தக் காலின் தொடை வலிமை மறுகாலின் வலிமையில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருக்கவும் வேண்டும். அதுவரை, டபுள்ஸ் மட்டும்தானே என்று களமிறங்க வேண்டாம். பின்னால் ஓடிக் காலை ஊன்றித் திரும்புவது டபுள்ஸிலும் உண்டு.