விலைக்கு முன்னால் மின்சாரக் கணக்கு: பர்மாக் கிராமத்து வாசகர்களின் கணினிக் கேள்விகள்

கேள்வி: பிள்ளைகளின் படிப்புக்காக லாப்டாப் வாங்க நினைக்கிறோம். ஒரே விலையில் புதிய சிறிய லாப்டாப்பும், அலுவலகத்தில் ஓடிய பழைய லாப்டாப்பும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? (பெகு அருகே ஒரு விவசாயக் குடும்பம்)

பதில்: பழையதையே வாங்குங்கள். மலிவான புதிய லாப்டாப்புகள் பலவற்றில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். விண்டோஸும் அதன் அப்டேட்களும் அந்த இடத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்ட பிறகு, அதைக் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. அலுவலகப் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட பழைய லாப்டாப்புகளில் பெரும்பாலும் ரேமைக் கூட்டலாம். ஹார்ட் டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி போட்டாலே வேகத்தில் பெரிய மாற்றம் தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டபடியால், விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸராகப் பார்த்து வாங்குங்கள். அதற்கும் பழையது என்றால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் சோலாரும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியும்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா? (முடோன்)

பதில்: அந்த மலிவு வாங்கும் நாளோடு சரி. உங்கள் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-ஹவர் (12 வோல்ட் × 100 ஆம்பியர்-ஹவர்). ஈய-அமில பேட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதில் பாதியை, அதாவது 600 வாட்-ஹவரை மட்டுமே செலவழிக்க வேண்டும். மானிட்டரோடு 120 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் இதை ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். 30 வாட் லாப்டாப்புக்கோ இருபது மணி நேரம் வரும். இது தாள் கணக்கு; விளக்கும் மின்விசிறியும் போக இரண்டிலுமே குறையும். மோல்மேன் பக்கத்து மழைக்காலத்தில் பேனல் எவ்வளவு தரும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. இன்னொன்று: இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட்டாக ஏற்றி, லாப்டாப்பின் சார்ஜரில் மறுபடி இறக்குவது வீண் இழப்பு. 12 வோல்ட்டிலிருந்து உங்கள் லாப்டாப்புக்கு வேண்டிய 19 அல்லது 20 வோல்ட்டை நேரடியாகத் தரும் கார் சார்ஜரை, வாட் அளவு பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ராஸ்பெரி பை 400 போதுமா?

பதில்: 2020-இல் 70 டாலருக்கு வெளிவந்த இது, கீபோர்டுக்குள்ளேயே அடங்கிய, சில வாட்டுகளில் ஓடும் நல்ல கணினி. ஆனால் இதில் திரை இல்லை; டிவியோ மானிட்டரோ வேண்டும்; அதன் மின்செலவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். உள்ளே பேட்டரி இல்லாததால், கரண்ட் போகும்போதெல்லாம் மெமரி கார்டில் உள்ளவை கெட்டுப்போகும் அபாயமும் உண்டு. மின்வெட்டு மிகுந்த வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: பழைய பர்மிய எழுத்துக் கோப்புகள் புதிய கணினியில் சிதைந்து தெரிகின்றன. கணினியில் கோளாறா? (தட்டோன்)

பதில்: கோளாறு இல்லை. அவை யூனிகோடு முறைக்கு ஒத்துவராத ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்தவை. நாடு 2019 அக்டோபர் 1 முதல் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த கோயில் திருவிழா நோட்டீஸ்களுக்கும் இதே வைத்தியம்தான்.