மச்சான் இத்தாலியில் இருக்கிறார், கோட் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. வைகாசியில் எனக்குக் கல்யாணம். காலையில் கோயிலில் வேட்டி சட்டை, மாலையில் ஹட்டனில் வரவேற்பு, அதற்குக் கோட் சூட். மாமா மகன் இத்தாலியில், பலெர்மோவில் வேலை செய்கிறார். "இங்கே ஒரு சின்னக் கடை இருக்கிறது மச்சான், அப்பாவும் மகனும் நடத்துகிறார்கள், சாமான் நல்லது. அளவை அனுப்பு, சித்திரைக்கு வரும்போது கொண்டு வருகிறேன்" என்கிறார். அப்பாவோ கொழும்பிலேயே எடுத்தால் போதும் என்கிறார். எதைப் பார்த்து வாங்கச் சொல்வது?
*மாப்பிள்ளை, பொகவந்தலாவை*

பதில்: தம்பி, முதலில் வாழ்த்துகள். மச்சான் சொல்வது நல்ல யோசனைதான், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. உங்கள் தோள் அளவு அந்தக் கடைக் கோட்டோடு ஒத்துப்போனால் மட்டும் கோட்டாக வாங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் துணியாக வாங்கச் சொல்லுங்கள். கண்டியில் 22 வருஷம் டெயிலர் கடையில் துணி வெட்டியவன் நான். கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், காற்சட்டையை விரிக்கலாம், அதெல்லாம் ஒரு நாள் வேலை. தோளைத் திருத்துவதென்றால் கையைக் கழற்றி, கொலரைக் கழற்றி, முழுக் கோட்டையும் பிரித்த மாதிரிதான்.

அதனால் உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிற கோட் ஒன்றைக் கூட்டாளியிடம் இரவல் வாங்கி, கட்டிலில் விரித்து, நான்கு அளவு எடுத்து அனுப்புங்கள். முதுகுப் பக்கம் ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, பட்டன் பூட்டியபடி அக்குளுக்கு அக்குள், கொலருக்குக் கீழிருந்து அடி வரை, தோள் தையலிலிருந்து கை நுனி வரை. எல்லாம் சென்ரிமீற்றரில். இத்தாலியில் நெஞ்சளவில் பாதிதான் கோட்டின் இலக்கம். 100 சென்ரிமீற்றர் நெஞ்சுக்கு 50 என்பார்கள், நாம் 40 என்று சொல்வது அதைத்தான், பத்தைக் கழித்துப் பாருங்கள் சரியாக வரும்.

இனி மச்சான் கடையில் பார்க்க வேண்டியது. கோட்டின் முன்பக்கம், கடைசிப் பட்டன் துளைக்குக் கீழே, வெளித்துணியை ஒரு கையாலும் உள்துணியை மறு கையாலும் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். நடுவில் இன்னொரு துணி தனியாக நழுவுவது விரலுக்குத் தெரிந்தால் உள்ளே கேன்வாஸ், அதாவது கோட்டுக்கு உருவம் தரும் நடுத்துணி, வைத்துத் தைத்த கோட். ஒன்றும் நழுவாமல் வெளித்துணியே அட்டை மாதிரி விறைப்பாக இருந்தால் நடுத்துணியைப் பசை வைத்து ஒட்டியது. நெஞ்சுப் பக்கம் மட்டும் கேன்வாஸ் வைத்த கோட்டுகளும் உண்டு, அதனால் அங்கேயும் ஒருமுறை கிள்ளிப் பார்க்க வேண்டும், அதுவும் நல்ல கோட்தான். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்கு ஒரு கடையில் அவசரமாகக் கோட் எடுத்தோம், கடையின் பெயர் வேண்டாம், ஒரே ஒருமுறை டிரை கிளீனிங் போய் வந்ததும் நெஞ்சு முழுக்க ரொட்டி உப்பின மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பசை விட்டுப் போன பிறகு அதை யாராலும் சரிசெய்ய முடியாது. நானே தையல் தெரிந்தவன், தொட்டுப் பார்க்காமல் வாங்கிவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

துணிக்கு வருவோம். இத்தாலியில் கம்பளித் துணிக்குப் பேர்போன இடம் வடக்கே ஆல்ப்ஸ் அடிவாரத்தில் உள்ள பியெல்லா. அங்கே மலையிலிருந்து இறங்கும் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு, கம்பளி கழுவவும் சாயம் போடவும் அதுதான் தோது. விடாலே பார்பெரிஸ் கனோனிகோ என்ற ஆலைக்காரர்களின் கணக்கு 1663 வரை போகிறது, ரெடா ஆலை தொடங்கியது 1865, செஞ்ஞா ஆலை 1910. தண்ணீரையும் மண்ணையும் வைத்து ஒரு ஊருக்குப் பேர் வருவது தேயிலையில் பிழைக்கிற நமக்குப் புதுச் செய்தி இல்லை.

துணியில் 'சூப்பர் 100', 'சூப்பர் 150' என்று எழுதியிருப்பார்கள். இலக்கம் கூடினால் கம்பளி இழை மெல்லியது என்றுதான் அர்த்தம், 100 என்றால் இழை அதிகபட்சம் 18.75 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 150 என்றால் 16.25. மெல்லியது கைக்குப் பட்டு மாதிரி இருக்கும், ஆனால் சீக்கிரம் கசங்கும், சீக்கிரம் தேயும். ஒரு கோட்டை வைத்து இன்னும் பத்துக் கல்யாணம் போக வேண்டிய நமக்கு 100 முதல் 120 வரை போதும். மீற்றருக்கு 260 முதல் 300 கிராம் எடையில் கேட்கச் சொல்லுங்கள். ஹட்டனில் மாலைக் குளிருக்கும் அது தாங்கும், மண்டபத்துக்குள் ஆயிரம் பேரின் சூட்டிலும் வியர்த்து வழியாது.

சரி, சின்னக் கடை ஏன் நல்லது? பெரிய கடையில் வேலைக்கு நிற்கும் பிள்ளைக்குத் துணி எந்த ஆலையுடையது என்று தெரியாமல் இருக்கலாம். அப்பாவும் மகனும் நடத்தும் கடையில் ஒவ்வொரு கோட்டும் யார் தைத்தது, அதை எவ்வளவு விரிக்கலாம் என்று வாயில் வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஆளிடம், "மலைநாட்டில் கல்யாணம், மாலையில் குளிர், மாப்பிள்ளை இங்கே இல்லை" என்று முழு விஷயத்தையும் மச்சான் சொல்ல வேண்டும். உள்ளே போகும்போது வணக்கம் சொல்லிவிட்டு, மடித்து வைத்ததைக் கேட்டுவிட்டே எடுத்தால் அந்த மனிதர் நின்று பேசுவார். மத்தியானத்தில் பூட்டிவிடுவார்கள், காலையில் போவது நல்லது. ஜனவரி முற்பகுதியில் அங்கே விலைக்கழிவுக் காலம் தொடங்கும், கம்பளிக் கோட்டுக்கு அதுதான் நேரம். இத்தாலியின் 22 வீத வரியைத் திரும்ப வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு, அங்கேயே குடியிருக்கும் மச்சானுக்குக் கிடையாது.

தோள் ஒத்துவரவில்லை என்றால் மூன்றரை மீற்றர் துணி வாங்கி, மாசியிலேயே யாராவது வருபவர் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கேன்வாஸ் வைத்துத் தைக்கத் தெரிந்தவர் கண்டியில் இன்னும் இருக்கிறார்கள், இரண்டு தடவை போட்டுப் பார்க்க நாள் வேண்டும். டைக்கு மட்டும் அளவுப் பிரச்சினை இல்லை. நேப்பிள்ஸில் மரினெல்லா என்ற கடை 1914இல் வெறும் 20 சதுர மீற்றர் இடத்தில் தொடங்கி, டையாலேயே உலகப் பேர் வாங்கியது. மச்சான் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு கருநீலப் பட்டு டையை மறக்காமல் எடுக்கட்டும்.

கேள்வி: கொழும்பில் பார்த்த கோட்டின் உள்ளே இத்தாலி ஆலையின் பெயர் தைத்திருந்தது. அப்படியென்றால் இத்தாலிக் கோட்தானே?
*வாசகி, பண்டாரவளை*

பதில்: துணி இத்தாலியுடையது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி அக்கா. கோட்டை எந்த நாட்டிலும் தைத்திருக்கலாம். எங்கே தைத்தது என்பது இன்னொரு சின்ன லேபலில் இருக்கும், பெரும்பாலும் உள்பைக்குள்ளே. விலை பேசும் முன் அதைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: நுவரெலியா ஈரத்தில் அப்பாவின் கம்பளிக் கோட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். என்ன செய்யலாம்?
*வாசகர், நானுஓயா*

பதில்: முதலில் வெயில் அடிக்கிற ஒரு காலையில் வெளியே தொங்கவிட்டு, காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள், ஈரத்தோடு தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். பிறகு டிரை கிளீனிங். கடையில் தரும் பொலித்தீன் உறையை அன்றைக்கே கழற்றி எறியுங்கள், பழைய பருத்தி வேட்டியால் மூடி, தோள் அகலமான ஹேங்கரில், சுவரில் ஒட்டாத அலுமாரியில் மாட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் அலுமாரிக் கதவைத் திறந்து வையுங்கள்.