கையில்லாத கணினி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடரில் 1966-இல் வந்த ‘தி வார் மெஷின்ஸ்’ கதையை நான்கு பகுதிகளும் பார்த்தேன். லண்டனைப் பிடிக்கக் கிளம்பும் கணினி, ஊர்ந்து வரும் தகரப் பெட்டிகள், தரையில் சதுரமாகக் கேபிள் போட்டு அதை மடக்குவது... சிரித்து மாளவில்லை. பத்து வயது மகளுக்கு இதைக் காட்டலாமா? இன்றைய செயற்கை நுண்ணறிவை அன்றே சொன்ன கதை என்கிறார்களே?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அன்றே சொன்னதா என்பதை விட்டுவிடுவோம். ஆரூடம் அறிவியல் புனைவின் வேலை இல்லை. தகரப் பெட்டியும் போகட்டும். படப்பிடிப்புக்குச் செய்தது ஒரே ஓர் இயந்திரம். எண்ணை மாற்றி மாற்றிப் பலவாகக் காட்டினார்கள்.

கேபிளைப் பார்த்துச் சிரியுங்கள், ஆனால் கணக்குப் போட்டுவிட்டுச் சிரியுங்கள். நான்கு மீட்டர் பக்கமுள்ள சதுரம், ஒரே சுற்று, 100 ஆம்பியர் மின்சாரம் என்றால் நடுவில் கிடைக்கும் காந்தப்புலம் சுமார் 28 மைக்ரோடெஸ்லா. லண்டனில் பூமியின் காந்தப்புலமே 50-ஐ நெருங்கும். நூறு சுற்றுப் போட்டாலும் இரும்புக் கூடு பெரும்பகுதியை உள்ளே விடாது. கதையின் பலவீனமான இடம்தான்.

என் வருத்தம் வேறு. உங்கள் கடிதத்தில் தொலைபேசி என்ற சொல்லே இல்லை. முழுக்கப் பார்த்த பிறகும் அதை எப்படி ஐயா தவறவிட்டீர்கள்?

லண்டன் போஸ்ட் ஆபீஸ் டவர் பொதுமக்களுக்குத் திறந்தது 1966 மே 19. முதல் பகுதி ஒளிபரப்பானது ஜூன் 25. அங்கே தொலைபேசி அழைப்புகளைச் சுமந்தது நுண்ணலை. அது நேர்கோட்டில்தான் போகும், குறுக்கே கட்டடம் வந்தால் அறுந்துவிடும்; அதற்காகத்தான் 177 மீட்டர் உயரம். நாட்டின் தொலைபேசி அழைப்புகள் வந்து கூடும் அந்த இடத்தில் வோட்டான் என்ற அந்தக் கணினியை உட்கார வைத்தது அழகுக்காக அல்ல. அந்தக் கோபுரத்தை வைத்து என்ன கதை செய்யலாம் என்று தொடரின் கதைத் தொகுப்பாசிரியர் ஜெர்ரி டேவிஸ் கேட்டபோது, தொலைபேசி வழியாக ஆளும் கணினி என்ற யோசனையைத் தந்தவர் மருத்துவ ஆராய்ச்சியாளர் கிட் பெட்லர்.

அன்றைய பெரும்பாலான கணினிகளுக்கு உள்ளே போவது துளையிட்ட நாடா அல்லது அட்டை, வெளியே வருவது அச்சடித்த தாள். அறையைத் தாண்டினால் அவற்றுக்கு உலகமே கிடையாது. வோட்டானுக்குக் கையும் இல்லை. ஆகவே ஆட்களின் மனத்தைப் பிடிக்கிறது. முதலில் தன்னை உருவாக்கிய பேராசிரியர் பிரெட். பிறகு இரவு விடுதியில் இருக்கும் டாக்டரின் தோழி டோடோ, ஒரே ஒரு போன் அழைப்பில். கோவென்ட் கார்டன் பக்கத்துக் கிடங்கு, பாகங்கள், கூலியாட்கள் எல்லாம் மனிதர்கள் வழியாகத்தான் வந்து சேர்கின்றன. கடைசிவரை அது ஒரு திருகைக்கூடத் திருகுவதில்லை. இதைவிட்டு ஊர்ந்து வரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் சிரிப்புதான் வரும்.

தொடரின் நாயகன் டாக்டரும் அதே வழியில்தான் ஜெயிக்கிறார். பிடித்த இயந்திரத்தை உடைப்பதில்லை; அதன் நிரலை மாற்றி, வோட்டானை அழிக்கக் கோபுரத்துக்கே அனுப்புகிறார். எதிரியின் கையை இரவல் வாங்குகிறார். அதற்கு அந்த இயந்திரம் உடையாமல் சிக்க வேண்டும், அதனால்தான் கேபிள்.

மகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள், பக்கத்தில் இருந்து. கணினி டாக்டரையே போனில் பிடிக்கப் பார்க்கும் இடத்தில் எழுந்து போய்விடாதீர்கள். பிபிசி மூலநாடாக்களை அழித்துவிட்டது. 1984-இல் நைஜீரியாவிலிருந்து திரும்பிய பிரதிகளில் வெட்டுகள் இருந்தன. டிவிடி வாங்கினால் சீரமைத்த பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள்.