மெம்பரனஸ் நெஃப்ரோபதிக்கு ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொண்டவர்களின் அனுபவம் என்ன?

உங்கள் தாயாருக்கு மெம்பரனஸ் நெஃப்ரோபதி (சிறுநீரக வடிகட்டிகள் பழுதாகிச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய்) என்று பயாப்சியில் தெரிந்து, ரிட்டுக்சிமாப் ஏற்றலாம் என்று மருத்துவர் கூறியிருப்பதாகவும், அந்த நாள் எப்படி இருக்கும், எப்போது குணம் தெரியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே நோய்க்கு இதே மருந்தை மதுரையில் ஏற்றிக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். அளவையும் காலத்தையும் அவருடைய சிறுநீரக மருத்துவரே முடிவு செய்வார்.

எல்லோரும் அஞ்சுவது மருந்து ஏறும் பகலைத்தான். என்னைக் கேட்டால், அதற்கு முந்தைய பரிசோதனைகளுக்கும் பிந்தைய நீண்ட காத்திருப்புக்குமே கூடுதல் கவனம் வேண்டும்.

பெரும்பாலும் 1,000 மில்லிகிராம் வீதம் 2 வார இடைவெளியில் இருமுறை ஏற்றுவார்கள். கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயைப் போட்டு, பாரசிட்டமால் மாத்திரையும் ஒவ்வாமையைத் தடுக்கும் அவில் ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் கொடுத்த பிறகே மருந்தைத் தொடங்குவார்கள். முதல் முறை மணிக்கு 50 மில்லிகிராம் என்ற மெதுவான வேகத்தில் தொடங்கி, தொந்தரவு இல்லையென்றால் அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டி, அதிகபட்சமாக 400 வரை கொண்டுபோவார்கள். ஆகவே காலையில் படுத்தால் எழுந்திருக்கப் பிற்பகல் ஆகிவிடும். எனக்கு மருந்து ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் காதுக்குள்ளும் தொண்டையிலும் அரிப்பெடுத்தது. சொன்னவுடன் சிஸ்டர் நிறுத்திவிட்டு, மருத்துவரைக் கேட்டுப் பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கினார். பிறகு தொந்தரவு இல்லை. குளிர் நடுக்கமும் காய்ச்சலும் இரத்த அழுத்தம் இறங்குவதும் முதல் முறையில்தான் மிகுதி என்பதால், அழுத்த மாத்திரையை அன்று காலை போடலாமா, நிறுத்த வேண்டுமா என்று முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். நீர் மாத்திரை சாப்பிடுபவர் அவில் தந்த தூக்கக் கலக்கத்தோடு, ட்ரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு தனியாகக் கழிவறைக்குப் போகக் கூடாது.

முந்தைய பரிசோதனைகளில் முதன்மையானது ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸுக்கானது. இம்மருந்து எதிர்ப்புப்பொருளை உண்டாக்கும் பி அணுக்களை அழிப்பதால், எப்போதோ வந்து உடலில் அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் மீண்டும் எழுந்து கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும். மேற்பரப்பு ஆன்டிஜன், கோர் ஆன்டிபாடி ஆகிய இரண்டு இரத்தப் பரிசோதனைகளின் முடிவும் கைக்கு வராமல் மருந்தைத் தொடங்கச் சம்மதிக்காதீர்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளையும் நிலைமை இடங்கொடுத்தால் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது. பிறகு போட்டால் உடல் சரியாக ஏற்காது. இன்னொன்றையும் தாயாரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்: மூட்டுவலிக்கோ சர்க்கரைக்கோ நாட்டு மருந்து சாப்பிட்டாரா, முகம் வெளுக்கக் கிரீம் பூசினாரா? பாதரசம் கலந்த இத்தகைய பொருள்களால் மெம்பரனஸ் வந்தவர்களைப் பற்றித் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அப்பொருளை நிறுத்தியதிலேயே நோய் தணிந்தது. கேட்டால் கோபப்படுவார் என்று விட்டுவிட வேண்டாம்.

இனி காத்திருப்பு. மருந்து ஏறிய மறுவாரமே புரதத்தால் சிறுநீரில் வரும் நுரை அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரத்தத்தில் பி.எல்.ஏ.2.ஆர் ஆன்டிபாடி (சிறுநீரக வடிகட்டியையே தாக்கும் எதிர்ப்புப்பொருள்) இருந்தவர்களுக்கு முதலில் குறைவது அதுதான். இரத்தப் புரதமான ஆல்புமின் ஏறுவதும் 24 மணி நேரச் சிறுநீர்ப் புரதம் இறங்குவதும் அதன் பின்னால், மாதக்கணக்கில் நிகழ்கின்றன. 2019-இல் வெளியான மென்ட்டார் ஆய்வில் இம்மருந்தைப் பெற்றவர்களில் 12 மாத முடிவில் முழுத் தணிவு (சிறுநீர்ப் புரதம் ஏறக்குறைய இயல்பாவது) அடைந்தவர்கள் 14 விழுக்காட்டினர். 24 மாத முடிவில் அது 35 ஆக உயர்ந்தது. பகுதித் தணிவையும் சேர்த்தால் 60 விழுக்காடு. ஒப்பிடப்பட்ட சைக்ளோஸ்போரின் என்ற மற்றொரு மருந்தைப் பெற்றவர்களில் அது 20 மட்டுமே. ஆனால் 10 பேரில் 4 பேருக்கு ரிட்டுக்சிமாப்பும் போதவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் நுரையைப் பார்த்து நாளும் கவலைப்படுவதைவிட, ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்து, எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வருவது பயன் தரும்.

அதுவரை வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு; ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புக்கண்டம் எல்லாம் விலக்கு. கடைச் சால்னாவில் எவ்வளவு உப்பு என்று நமக்குத் தெரியாது, ஆகவே அதுவும் விலக்கு. பி அணுக்கள் திரும்பும் வரை, அதாவது குறைந்தது 6 மாதம், நெரிசலும் ஆகாது. எனக்கு உப்பைக் குறைக்கச் சொன்னதைவிட, அழகர் ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் பாருங்கள் என்று சொன்னதுதான் பெரிய தண்டனையாகத் தோன்றியது. காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆல்புமின் மிகக் குறைந்திருக்கும்போது இரத்தம் உறையும் அபாயமும் உண்டு. ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம் கூடினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 2007 முதல் இந்தியாவிலேயே தயாராகும் ரெடிடக்ஸ் போன்ற ரிட்டுக்சிமாப் வகைகள் வெளிநாட்டுத் தயாரிப்பைவிட விலை குறைந்தவை. பெரியாஸ்பத்திரியானாலும் தனியார் மருத்துவமனையானாலும், முதலமைச்சர் காப்பீட்டில் இந்நோய்க்கு இம்மருந்து சேருமா என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் நேரில் கேட்டுவிட்டு, அதன் பிறகு தேதி வாங்குங்கள்.