இருவரும் சேர்ந்து கேட்ட தண்டனை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவில் ஓர் ஆளை அடித்துச் சாகவிட்டவருக்கு, இரு தரப்பு வக்கீல்களும் பேசிவைத்துக்கொண்டு கேட்ட தண்டனையையே நீதிபதி விதித்தாராம். உயிர் போன வழக்கில் பேரமா? அப்புறம் நீதிபதி எதற்கு?

கண்ணன்

அன்புள்ள கண்ணன்,

இதே கேள்வி 2016இல் கனடிய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வான்கூவரில் நடந்த 'ஆந்தனி-குக்' வழக்கு. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை, குற்றம் சாட்டப்பட்ட ஆந்தனி-குக் ஒப்புக்கொண்டார். ஏற்கெனவே உள்ளே இருந்தது போக இன்னும் 18 மாதச் சிறை என்று இரு தரப்பும் கேட்டன. போதாது என்று நினைத்த நீதிபதி, இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவாகச் சிறையும் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தார். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து 18 மாதத்தையே நிலைநிறுத்தியது.

நானாக இருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பேன் என்று நீதிபதி யோசிக்கக் கூடாது என்பதுதான் அங்கே விதி. வழக்கின் முழு விவரமும் தெரிந்த நியாயமான மனிதர், 'நீதிமன்றமே பழுதாகிவிட்டது' என்று நினைக்கும் அளவுக்குத் தண்டனை பொருந்தாமல் இருந்தால்தான் தள்ளலாம். வரம்பு உயரமானதுதான். குற்றத்தை ஒப்புக்கொள்பவர் விசாரணை உரிமையையே விட்டுக்கொடுக்கிறார். பதிலுக்குக் கிடைப்பது உறுதியில்லை என்றால் எந்த வக்கீல் 'ஒப்புக்கொள்' என்பார்? அரசுத் தரப்புக்கும் ஆதாயம் உண்டு. சாட்சி பலவீனமான வழக்கில், முழு விடுதலையாகும் ஆபத்து தவிர்க்கப்படுகிறது.

சந்தேகம் வந்தால் நீதிபதி அதை வக்கீல்களிடம் சொல்லி, மேலும் வாதம் கேட்க வேண்டும். அப்போதும் தீராவிட்டால், ஒப்புதலைத் திரும்பப் பெற மனுச்செய்ய வாய்ப்பளிக்கலாம். தள்ளினால் தெளிவான காரணம் எழுத வேண்டும். தண்டனையில் இரு தரப்பும் ஒத்துப்போகாமல் வாதாடினால் இந்த உயரமான வரம்பு பொருந்தாது. அதை 2022இல் அதே உச்ச நீதிமன்றம் 'நஹானி' வழக்கின் தீர்ப்பில் சொல்லிவிட்டது.

இப்படிச் சேர்ந்து கேட்பது கெட்டுப்போவது பெரும்பாலும் வக்கீல்களால்தான். எண்ணை மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். எந்தச் சாட்சி பிறழக்கூடும், யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பதை எடுத்துச் சொல்லாவிட்டால் நீதிபதிக்குத் தண்டனை அற்பமாகத்தான் தெரியும். கணக்கும் குழப்பும். விசாரணைக் காவலில் கழித்த ஒரு நாளுக்கு ஒன்றரை நாள் வரை கழிவு உண்டு. இரண்டு ஆண்டு உள்ளே இருந்தவருக்கு மூன்றாண்டு கழியும். அவருடைய எட்டாண்டுத் தண்டனை செய்தியில் 'ஐந்தாண்டு' என்று வரும். நீங்கள் படித்ததும் அப்படியா என்று பாருங்கள்.

சட்டம் வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழே யாரும் பேரம் பேச முடியாது. துப்பாக்கியால் நேர்ந்த மரணமென்றால், கொலையாகாவிட்டாலும் நான்கு ஆண்டு. இரண்டாம் நிலைக் கொலைக்கு, அதாவது முன்கூட்டித் திட்டமிடாத கொலைக்கு, ஆயுள் தண்டனை கட்டாயம். பரோலுக்கு முன் கழிக்க வேண்டிய 10 முதல் 25 ஆண்டுக்குள் எவ்வளவு என்பதைத்தான் சேர்ந்து கேட்கலாம். இந்தியாவில் ஏழாண்டுக்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களுக்குப் பேரமே கிடையாது என்பதால்தான் நமக்கு இது விசித்திரமாகப் படுகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. கொலை, கடுமையான வன்முறை வழக்குகளில், உடன்பாட்டைப் பாதிக்கப்பட்டவர் தரப்புக்குத் தெரிவிக்க முயன்றீர்களா என்று அரசு வக்கீலை நீதிபதி கேட்க வேண்டும். கேட்க மறந்தாலும் ஒப்புதல் செல்லும். இறந்தவரின் தாய் அந்த எண்ணை முதன்முதலாக நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்துதான் கேட்கிறார் என்றாலும், சட்டப்படி குறையில்லை.